புதுமீன் கண்ட டைக்கோ பிராகி

வானத்து மீன்கள் மாறாதன என்பது மாந்தர் நெடுங்காலம் கொண்டிருந்த நம்பிக்கை. பிறப்பதும் இறப்பதும், தளிர்ப்பதும் உதிர்வதும் இந்நிலவுலகில் நாள்தோறும் நிகழ்வன. திங்களுக்கு அப்பாலோ, கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்தவாறு, ஆக்கமும் அழிவும் அற்ற தூய மண்டலங்கள் என்றும் ஒரு பெற்றியே சுழன்றுகொண்டிருப்பன. இக்கொள்கை பன்னூறாண்டுகள் ஐரோப்பிய அறிஞருலகில் அசைவின்றி வீற்றிருந்தது. 1572-ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு புதிய விண்மீனும், அதனை நாள் தவறாது அளந்து குறித்த ஓர் இளைஞரின் விழிப்பும் அதனை அசைத்தன. அவ்விளைஞரே டென்மார்க்கு நாட்டு டைக்கோ பிராகி என்பார்.

தாம் கண்ட மீன் இன்ன இயல்பினதென அவர் அறிந்திலர். அதற்குக் காரணம் கூறப் புகுந்தவிடத்துப் பிழைபட்டார். எனினும் அவர் எழுதிவைத்த அளவைகள் பிழைபட்டில. அவர் மறைந்து 300 ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், அம்மீனை எரித்த ஆற்றல் யாதென ஆராய்ந்தார்க்கு அவ்வளவைகளே வழிகாட்டின. ஆதலின் அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

டைக்கோ 1546-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் ஸ்கேனியா நாட்டு நுட்ஸ்டார்ப் மாளிகையிற் பிறந்தார். இன்று சுவீடனைச் சார்ந்துள்ள அந்நிலப்பகுதி அக்காலத்தில் டென்மார்க்கு அரசர்க்கு உரியதாயிருந்தது. தந்தையார் ஓட்டெ பிராகி; தாயார் பியாட்டெ பில்லெ. இருவரும் அரசவையிற் செல்வாக்கு மிக்க பெருங்குடியினர். டைக்கோ இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவர்; உடன்பிறந்த மகவு உயிர்தங்கவில்லை. மகப்பேறு இல்லாத பெரிய தந்தையார் யோர்கன் பிராகி, குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது, பெற்றோரைக் கேளாமலே எடுத்துச்சென்று தம் மகனாக வளர்க்கலாயினர். பெற்றோர் முதலிற் சினந்து, பின்னர் ஒருவாறு உடன்பட்டனர்.

சிறுவரைச் சட்டமும் சொல்வன்மையும் கற்பித்து அரச ஊழியத்திற் புகுத்துதல் வேண்டுமென்பதே வளர்ப்புத் தந்தையாரின் விருப்பம். அதன்பொருட்டு 1559-இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் சேர்த்தனர். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. கோப்பன்ஹேகனில் ஞாயிற்றின் ஒரு கூறே மறைந்தது. காட்சியிற் பெரிய வியப்பொன்றும் இல்லை. ஆனால் அந்நாள் இன்னதென முன்னரே கணித்துக் கூறப்பட்டிருந்ததே, அச்செய்தி பதின்மூன்று வயதுச் சிறுவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்து நிகழ்ச்சிகளை மனிதர் முன்னறிந்து கூறல் இயலுமாயின், அக்கலையினும் உயர்ந்த கலை வேறு யாதென எண்ணினார் போலும். அன்றுமுதல் வானநூல்களைத் தேடி வாங்கிக் கற்கலாயினர்.

1562-இல் அவரை லீப்சிக் நகருக்கு அனுப்பினர். உடன் சென்ற ஆசிரியர் ஆண்டர்ஸ் வேடெல் என்பவரும் இளைஞரே. மாணவரின் மனம் சட்டத்தினின்று வழுவாமற் காத்தல் அவருக்கு இடப்பட்ட பணி. பகலெல்லாம் ஆசிரியர் கண்முன் சட்டநூலைப் பயின்ற மாணவர், அவர் உறங்கிய பின்னர்க் கைப்பிடியளவான சிறிய வானக்கோளம் ஒன்றனை எடுத்துக்கொண்டு மீன்களின் பெயரையும் இடத்தையும் பயின்றார்.

1563-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானில் மிக நெருங்கித் தோன்றின. டைக்கோ ஓர் எளிய கவராயத்தைக் கண்ணருகே பிடித்து அவற்றின் இடைவெளியை அளந்தார். அளந்ததனைப் பழைய வாய்பாடுகளோடு ஒப்பிட்டபோது ஒன்று ஏறக்குறைய ஒரு திங்களளவு பிழைபட்டிருந்தது. கோப்பர்னிக்கஸ் கொள்கைவழி வகுத்த புதிய வாய்பாடும் சில நாள் தவறியிருந்தது. பதினாறு வயது மாணவர் வெறுங்கவராயத்தாற் கண்ட பிழையைப் பெரும் புலவர் கண்டிலர். காரணம், அவர் ஏட்டை நோக்கினர், வானை நோக்கினாரல்லர். நெடுங்காலம் இடைவிடாது, நல்ல கருவிகொண்டு வானத்தை அளந்தாலன்றி இக்கலை திருந்தாதென்பதை டைக்கோ அப்பொழுதே துணிந்தார். அவர்தம் வாழ்நாள் முழுமையும் அத்துணிபின் விரிவேயாகும்.

1565-இல் வளர்ப்புத் தந்தையார் காலமாயினர். அதன்பின் டைக்கோவைத் தடுப்பார் இலராயினர். மறு ஆண்டு ராஸ்டாக் நகரிற் கற்கும்போது, உறவினராகிய மாண்டெரூப் பார்ஸ்பெர்க் என்னும் இளைஞரோடு ஒரு விருந்திடத்தே சொற்போர் மூண்டது. டிசம்பர் 29-ஆம் நாள் இரவில் இருளிலே இருவரும் வாட்போர் புரிந்தனர். மாற்றார் வீச்சில் டைக்கோவின் மூக்கில் ஒரு பகுதி அறுபட்டது. இருபது வயதினர் எஞ்சிய வாழ்நாள் முழுதும் உலோகத்தாற் செய்த மூக்கினை அணிய நேர்ந்தது. அது பொன்னும் வெள்ளியுமாம் என்று நெடுங்காலம் வழங்கினர். 2010-இல் அவர் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தோர், அது பித்தளையே என்று கண்டனர். அவர் சினம் மிக்கவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அக்குணம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

புதுமீன் தோன்றிய மாலை

ஜெர்மனியிற் பல நகரங்களிற் பயின்று, ஆக்ஸ்பர்க்கு நகரத்தே பெரியதொரு கால்வட்டக் கருவியையும் அமைப்பித்துக் கண்டபின், டைக்கோ தாய்நாடு திரும்பினார். 1571-இல் தந்தையார் இறந்தனர். பின்னர்த் தாய்மாமனாகிய ஸ்டீன் பில்லெ என்பாரோடு ஹெர்ரெவாட் என்னும் பழைய மடத்தில் தங்கி, இரசவாத ஆராய்ச்சியிற் பொழுது போக்கிவந்தார். அக்காலத்தில் வானநூற் பயிற்சி சற்றே தளர்ந்திருந்தது என்றே கூறவேண்டும்.

1572-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் மாலை, சோதனைக்கூடத்தினின்று உணவின்பொருட்டு வீடு நோக்கி வந்தவர், வழக்கம்போல் மேலே நோக்கினார். தலைக்கு நேரே காசியோப்பியா என்னும் மீன்தொகுதியின் அருகில் முன்பு ஒருபோதும் இல்லாத ஒரு மீன் பேரொளியோடு விளங்கிற்று. இளமை தொட்டு அப்பகுதியின் ஒவ்வொரு மீனையும் அறிந்தவராதலின், தம் கண்களையே அவர் நம்பவில்லை. உடன் வந்த ஏவலாளரை வினவினார். பின்னர் அவ்வழியே வண்டியிற் சென்ற குடியானவரையும் நிறுத்தி வினவினார். அவரனைவரும் அம்மீனைக் கண்டதாகக் கூறிய பின்னரே ஐயம் நீங்கினார். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து.

அம்மீனை முதன்முதற் கண்டவர் டைக்கோ அல்லர். சில நாள் முன்னரே ஐரோப்பாவிற் பிறர் கண்டனர். சீன நாட்டு அரசவை வானநூலாரும் அதனை விருந்துமீன் என்று குறித்தனர். வெள்ளிக்கோளுக்கு இணையாக ஒளிர்ந்து, கூரிய பார்வையுடையோர்க்கு நண்பகலிலும் தெரிந்த ஒன்றனை உலகம் காணாதிருத்தல் யாங்ஙனம்? கண்டவர் பலர், கண்டதனை மறையும் நாள்வரை அளந்தவர் மிகச் சிலர். டைக்கோவின் பெருமை அங்கேயுள்ளது.

அளவையும் அதன் பயனும்

அம்மீன் எத்துணைத் தொலைவில் உள்ளதென்பதே அன்றைய தலையாய வினா. திங்களுக்குக் கீழே, காற்றுமண்டலத்தில் எழுந்த ஓர் எரியாவியென்று பலர் கூறினர். அங்ஙனமாயின் அரிஸ்டாட்டில் கொள்கைக்கு ஊறில்லை. இதனைத் துணிதற்கு டைக்கோ இடமாறு தோற்றத்தைக் கையாண்டார். ஒரு விரலை முகத்தின்முன் நீட்டி ஒவ்வொரு கண்ணையும் மாறிமாறி மூடி நோக்குவார்க்கு, விரல் பின்னுள்ள சுவரின்மேல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். விரல் அகல அகல அப்பெயர்ச்சி குறையும். அதுபோலவே, நோக்குவோன் இடம் மாறுமாயின் அண்மையிலுள்ள வான்பொருள், சேய்மையிலுள்ள மீன்களுக்கிடையே இடம் பெயர்ந்து தோன்றுதல் வேண்டும்.

டென்மார்க்கு வடகோடியிலுள்ள நாடாதலின் காசியோப்பியா அங்கு மறைவதே இல்லை. புதுமீன் ஒருகால் உச்சிக்கு ஆறு பாகை அளவிலும், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வடக்கே அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 28 பாகை உயரத்திலும் நின்றது. அதற்குள் நிலவுலகின் சுழற்சி, நோக்குவோனை நெடுந்தொலைவு இடம் மாற்றிவிடுகிறது. மீன் திங்களின் தொலைவில் இருந்திருப்பின், இவ்விரு நிலைகளுக்குமிடையே ஏறத்தாழ ஒரு பாகையளவு விலகித் தோன்றியிருக்கும்; முழுமதியின் அகலமே அரைப் பாகைதான். டைக்கோ தாம் புதிதாக அமைத்த ஆறிலொரு வட்டக் கருவியால், காசியோப்பியாவின் மீன்களினின்று புதுமீனின் தொலைவை மீண்டும் மீண்டும் அளந்தார். சிறிதும் வேறுபாடு காணப்படவில்லை. நாள்கள் பல சென்றும் கோள்களைப் போல் அது இடம் பெயரவுமில்லை. எனவே அது திங்களுக்கும் கோள்களுக்கும் அப்பால், மாறாதனவென்று கருதப்பட்ட மீன்களின் இடத்திலேயே உள்ளதென்று முடிவு செய்தார். இங்கிலாந்தில் தாமஸ் டிக்கெஸ் என்பாரும் இம்முடிவுக்கே வந்தனர். ஜெர்மனியில் மைக்கேல் மேஸ்ட்லின் என்பார் கண்முன் ஒரு நூலினை நீட்டிப் பிடித்து நோக்கியே இதனை உணர்ந்தனர்.

இடத்தை அளந்ததோடு டைக்கோ அமைந்தாரல்லர். நாளுக்கு நாள் அம்மீனின் ஒளி எவ்வளவினது என்பதனையும் பிற வான்பொருள்களோடு ஒப்பிட்டு எழுதிவந்தார். நவம்பரில் அது வெள்ளிக்கு நிகராயிருந்தது. டிசம்பரில் வியாழனை ஒத்தது. 1573-ஆம் ஆண்டு ஜனவரியில் வியாழனினும் சற்றே குறைந்தது. பிப்ரவரி, மார்ச்சில் முதல் வகுப்பு மீன்களோடு ஒத்தது. ஏப்ரல், மேயில் இரண்டாம் வகுப்பினதாயிற்று. பின்னர்ப் படிப்படியே தேய்ந்து, 1574 பிப்ரவரியில் கண்ணுக்கெட்டும் எல்லையாகிய ஆறாம் வகுப்பிற்கு இறங்கி, மார்ச்சில் மறைந்தது. நிறமும் மாறிற்று. முதலில் வெண்மை, பின்னர் மஞ்சள், அதன்பின் செவ்வாயையும் உரோகிணியையும் போன்ற செம்மை, இறுதியிற் சனியைப் போல ஈயநிறம். பதினாறு திங்கள் இங்ஙனம் சலியாது நோக்கிய குறிப்புக்கள் அவை. அவற்றாற் பின்னர் விளையும் பயனை அவர் கனவிலும் எண்ணியிரார்.

பெருங்குடிப் பிறந்தோர் நூலெழுதி வெளியிடுதல் தகுதியன்று என்பது அக்கால வழக்கம். டைக்கோவும் தயங்கினார். நண்பர் வற்புறுத்தவே, 1573-இற் புதுமீனைப் பற்றிய சிறுநூல் கோப்பன்ஹேகனில் வெளிவந்தது. அதில் அளவைகளோடு, அம்மீனால் உலகிற்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றிய சோதிடமும் இடம்பெற்றது. பால்வீதியிற் பரந்துள்ள நுண்பொருள் திரண்டு இம்மீனாயிற்றென்றும் பிற்காலத்தில் அவர் கருதினார். இவையிரண்டும் நிலைத்தில. எண்கள் மட்டுமே நிலைத்தன.

ஹ்வேன் தீவு

புதுமீனால் டைக்கோவின் புகழ் பரவிற்று. அவர் வேற்றுநாடு செல்ல எண்ணுவதறிந்த இரண்டாம் பிரெடரிக் மன்னர், 1576-இல் கோப்பன்ஹேகனுக்கு அண்மையிலுள்ள ஹ்வேன் தீவினையும் பெரும் பொருளையும் அவருக்கு அளித்தனர். அங்கே யுரேனிபோர்க் என்னும் மாளிகை எழுந்தது. வானாய்வு மேடைகளும், இரசவாதக் கூடமும், அச்சுக்கூடமும் அமைந்தன. காற்றின் அதிர்ச்சி கருவிகளைத் தாக்காதிருத்தற்பொருட்டு, நிலத்தடியில் மற்றோர் ஆய்வுக்கூடத்தையும் பின்னர் அமைத்தனர். தொலைநோக்கி பிறவாத காலம் அது. வெறுங்கண்ணும் பெருங்கருவியும் கொண்டே, ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த கூறாகிய கலையளவுக்கு நுணுக்கமாக வானத்தை அளந்தார். முன்னிருந்தோர் பத்துக் கலை பிழைபடினும் பொருட்படுத்தியதில்லை. அவர் தங்கையார் சோபி அம்மையாரும் இப்பணியில் துணைபுரிந்தனர்.

1577-இல் தோன்றிய பெரிய வால்மீனையும் டைக்கோ அளந்து, அதுவும் திங்களுக்கு அப்பாற்பட்டதே எனக் காட்டினார். கோள்களைத் தாங்கும் பளிங்கு மண்டலங்கள் உண்மையில் உளவாயின், அவற்றை ஊடறுத்து வால்மீன் செல்லுதல் எங்ஙனம்? இங்ஙனம் பழங்கொள்கையின் மற்றொரு தூணும் வீழ்ந்தது.

ஆயினும் நிலவுலகம் ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்னும் கோப்பர்னிக்கஸ் கொள்கையை அவர் ஏற்கவில்லை. நிலவுலகம் அங்ஙனம் பெயருமாயின் ஆண்டின் வெவ்வேறு காலங்களில் விண்மீன்கள் இடமாறித் தோன்ற வேண்டுமே, தம் கருவிக்கு அஃது அகப்படவில்லையே என்றார். ஆதலின், ஏனைக் கோள்கள் ஞாயிற்றையும் ஞாயிறு நிலவுலகையும் சுற்றுவதாகத் தாமே ஒரு முறையை வகுத்தார். முடிவு தவறு, ஆனால் தம் அளவைக்கு மாறாக ஒன்றனை ஏலாமை அவரது இயல்பென்பது இதனாலும் விளங்கும். விண்மீன்களின் இடமாறு தோற்றம் உண்மையில் உண்டு. அது கலையினும் அறுபதிலொரு கூறுக்குக் குறைந்ததாகலின், 1838-இற் பெஸ்ஸல் என்பார் நுண்ணிய தொலைநோக்கியால் காணும்வரை எவர்க்கும் புலப்படவில்லை.

இத்துணைப் புகழின் கீழே ஓர் இருளும் உண்டு. ஹ்வேன் தீவின் குடியானவர்கள் தம் நிலங்களைத் தாமே ஆண்டுவந்தவர்கள். டைக்கோ வந்தபின் வாரத்தில் இரண்டு நாள் கூலியின்றி அவருக்கு உழைக்க நேர்ந்தது. மாளிகைக்கு மண் சுமந்தவர்களும் அவர்களே. தீவை விட்டு நீங்கவும் அரசாணை தடுத்தது. அவர்கள் முறையிட்டனர்; பயன் சிறிதே. மீன்களின் இடத்தைக் கலையளவும் பிறழாது நோக்கிய கண்கள், தம் காலடியில் வாழ்ந்தார் துன்பத்தை அங்ஙனம் நோக்கவில்லை. அறிவுடைமையும் அருளுடைமையும் ஒருவரிடத்து எப்பொழுதும் ஒருங்கே அமைவன அல்ல என்பதற்கு இஃதொரு சான்று.

அவர்தம் இல்வாழ்க்கையோ வேறு வகையினது. கிர்ஸ்டன் என்னும் பொதுக்குடிப் பெண்ணை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். நாட்டுச் சட்டப்படி அவ்வம்மையார் பெருங்குடித் தகுதி பெறவில்லை. மக்களுக்கும் தந்தையின் பெயரும் உடைமையும் உரியனவாகவில்லை. உறவினர் இகழ்ந்தும் டைக்கோ இறுதிவரை அவரைக் கைவிட்டாரல்லர்.

நாடு நீங்கலும் இறுதியும்

1588-இற் பிரெடரிக் மன்னர் காலமாயினர். இளவரசர் நான்காம் கிறிஸ்டியன் வயது வந்து முடிசூடியபின் அரசவையின் ஆதரவு குறைந்தது; மானியங்கள் நிறுத்தப்பட்டன; குடியானவர் குறைகளும் உசாவப்பட்டன. 1597-இல் டைக்கோ தம் கருவிகளோடும் ஏடுகளோடும் தீவை விட்டு நீங்கினார். இரண்டாண்டு அலைந்து, 1599-இல் பிராக் நகரத்தே இரண்டாம் ருடால்ப் பேரரசரின் ஆதரவு பெற்றார்.

1600-ஆம் ஆண்டு பிப்ரவரியில் யோகன்னஸ் கெப்லர் அவரைக் காணவந்தார். முன்னவர் செல்வர், பின்னவர் வறிஞர். முன்னவரிடம் முப்பதாண்டுக் குறிப்புக்கள் இருந்தன. அவற்றை ஆராயும் கணித வன்மை பின்னவரிடம் இருந்தது. டைக்கோ தம் ஏடுகளை எளிதிற் காட்டுபவரல்லர். இருவருக்கும் பூசலும் இணக்கமும் மாறிமாறி வந்தன. 1601-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு விருந்துக்குப்பின் நீர்க்கட்டு நோயுற்று, 24-ஆம் நாள் டைக்கோ உயிர்நீத்தார். தம் வாழ்வு வீண்போகலாகாது என்னும் ஏக்கத்தையே இறுதி இரவிற் பலகாலும் வெளியிட்டார் என்பர். நஞ்சூட்டப்பெற்றார் என்னும் பழைய வதந்தியை, அவர் உடலெச்சங்களை ஆராய்ந்தோர் 2012-இற் பொய்யெனக் காட்டினர்.

அவ்வேக்கத்தை முதலில் தீர்த்தவர் கெப்லரே. செவ்வாய்க்கோளின் வழியை வட்டமென்று கொண்டு அவர் கணித்தபோது, டைக்கோவின் அளவையினின்று எட்டுக் கலை வேறுபட்டது. வேறொருவர் அளவையாயின் அவ்வேறுபாட்டைப் புறக்கணித்திருக்கலாம். டைக்கோ எட்டுக் கலை பிழைபடார் என்னும் உறுதியால் வட்டத்தையே கெப்லர் கைவிட்டார். 1609-இற் கோள்வழி நீள்வட்டம் என்னும் உண்மை வெளிவந்தது.

புதுமீனை எரித்த ஆற்றல்

இனி, புதுமீனின் கதைக்கு மீள்வாம். 1934-இல் வால்டர் பாடே, பிரிட்ஸ் சுவிக்கி என்னும் இருவர், சில விண்மீன்கள் பெருவெடிப்புற்றுச் சில நாள் கோடிக்கணக்கான ஞாயிறுகளின் ஒளியைக் காலும் எனக் கூறி, அவற்றிற்குச் சூப்பர்நோவா என்று பெயரிட்டனர். அவற்றுள்ளும் வகைகள் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1945-இற் பாடே, டைக்கோ எழுதிவைத்த ஒப்பீடுகளையெல்லாம் இக்கால ஒளியளவாக மாற்றி, நாளுக்கு எதிரே புள்ளியிட்டுக் கோடு வரைந்தனர். எழுந்தது முதல்வகைச் சூப்பர்நோவாவின் தேய்கோடே. தொலைநோக்கியும் இன்றி, ஒளிமானியும் இன்றி, வெள்ளிக்கு நிகர், வியாழனுக்குக் குறைவு என்று எழுதிய குறிப்புக்கள், 371 ஆண்டுகளுக்குப்பின் ஓர் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயின.

அவ்வகை மீன்களை எரிக்கும் ஆற்றல் யாது? நம் ஞாயிறு போன்ற மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி, நிலவுலகின் அளவினதாகிய வெண்குறுமீன் ஆகிறது. கரியும் ஆக்சிஜனும் செறிந்த அப்பொருளில் ஒரு கரண்டியளவு பல டன் நிறையுள்ளது. எத்துணை நிறையையும் அது தாங்குமோ எனின், தாங்காது. ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கே அதன் எல்லை. இதனை நன்கு வகுத்தவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது, பத்தொன்பது வயதில், அக்கணக்கை அவர் தொடங்கினார் என்பது நம்மனோர் உவத்தற்குரிய செய்தி.

துணைமீன் ஒன்றனிடமிருந்து பொருளைக் கவர்ந்தோ, மற்றொரு வெண்குறுமீனோடு கலந்தோ, அவ்வெல்லையை நெருங்கும்போது உள்ளிருக்கும் கரி அணுக்கரு எரிவிற் பற்றிக்கொள்கிறது. இயல்பான மீனாயின் சூடேறியவுடன் விரிந்து தணியும். வெண்குறுமீனின் அழுத்தமோ வெப்பத்தைச் சார்ந்ததன்று. ஆதலின் அது விரியாது மேன்மேலும் எரிந்து, சில நொடிகளில் மீன் முழுவதும் சிதறிப்போகிறது. 1960-இல் ஹாயில், பவுலர் என்னும் இருவர் இவ்வணுக்கரு எரிவின் அடிப்படையை வகுத்துக் காட்டினர்.

அங்ஙனமாயின் நொடிகளில் முடியும் எரிவு பதினாறு திங்கள் ஒளிர்ந்தது எவ்வாறு? வெடிப்பின் வெப்பம் பொருள் விரியும்போதே தணிந்துபோகும். நெடுநாள் ஒளிக்கு முதலாயிருப்பது, அவ்வெரிவிற் பிறந்த நிக்கல் என்னும் தனிமத்தின் ஒரு வகை. ஞாயிற்றின் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட நிக்கல் அதில் உண்டாகிறது. அது நிலையற்றது, ஆறு நாளிற் பாதியளவு கோபால்ட்டாகச் சிதைகிறது. கோபால்ட்டும் நிலையற்றது, 77 நாளிற் பாதியளவு இரும்பாகிறது. இச்சிதைவில் எழும் கதிர்களே சிதறிய பொருளைச் சூடேற்றி ஒளிரச் செய்கின்றன. டைக்கோவின் குறிப்பின்படி, 1573-இன் தொடக்கத்திலிருந்து மீன் மறையும்வரை அதன் ஒளி ஏறத்தாழ ஐம்பது நாளுக்கொருமுறை பாதியாகத் தேய்ந்தது. பொருள் விரிய விரியக் கதிர்களில் ஒரு பகுதி தப்பி வெளிச்செல்லுதலின் கோபால்ட்டின் கணக்கினும் தேய்வு சற்று விரைவாகும். எனவே தாம் அறியாமலே டைக்கோ எழுதிவந்தது, விண்ணிற் கோபால்ட்டு இரும்பாகும் கணக்கையேயாகும். நம் ஏர்க்கொழுவில் உள்ள இரும்பிலும், நம் குருதியிற் கலந்த இரும்பிலும் பெரும்பங்கு இவ்வகைப் புதுமீன்கள் பண்டு வழங்கியதே.

1952-இல் அம்மீன் நின்ற இடத்தே வானொலியலைகள் எழுவதை இங்கிலாந்து அறிஞர் கண்டனர். வெடித்த பொருள் இன்றும் ஒரு பெரிய குமிழிபோல் விரிந்துகொண்டிருக்கிறது. அதன் தொலைவு 8,000 முதல் 10,000 ஒளியாண்டு வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். இவற்றினும் வியத்தகு செய்தி 2008-இல் வந்தது. 1572-இல் நேரே நம்மை நோக்கி வந்த ஒளி அன்றே கடந்து போயிற்று. வேறு திசையிற் சென்ற ஒளியில் ஒரு பகுதி தொலைவிலுள்ள தூசிமுகிலில் மோதித் திரும்பி, நெடுவழி சுற்றி, 436 ஆண்டுகள் தாழ்த்து நம்மை வந்தடைந்தது. ஹவாய்த் தீவிலுள்ள சுபாரு என்னும் பெருந்தொலைநோக்கியால் அவ்வெதிரொளியைப் பகுத்துநோக்கிய அறிஞர், பாடே கூறியது உண்மையென்று நேரிற் கண்டனர். துணையாயிருந்தது இயல்பான மீனோ, மற்றொரு வெண்குறுமீனோ என்னும் வினா மட்டும் இன்னும் முடிவுபெறாதிருக்கிறது.

டைக்கோவின் வாழ்க்கை மாணவராகிய நமக்கு உணர்த்துவது யாது? சோதனைச்சாலையில் நாம் கண்ட எண்ணும், நூல் கூறும் எண்ணும் வேறுபடும்போது, கண்டதனை நூலுக்கேற்பச் சிறிதே திருத்திக்கொள்ள மனம் இழுக்கும். கண்டது பிழையாயிருத்தலும் கூடும். அதனை மீண்டும் அளந்தே அறிதல் வேண்டும். எழுதியதை மாற்றி அறிதல் ஆகாது. டைக்கோ தம் கொள்கைக்கு இசையத் தம் அளவையைத் திருத்தியிருப்பாராயின், கெப்லரின் எட்டுக் கலையும் இல்லை. பாடேயின் தேய்கோடும் இல்லை. அவர் கொண்ட கருத்துக்கள் பல அவரோடு மறைந்தன. அவர் எழுதிய எண்களோ, அவர் அறியாத உண்மைகளையும் அவர் மறுத்த உண்மைகளையும் ஒருங்கே விளக்கி நிற்கின்றன. பிராக் நகரத்துத் தீன் திருக்கோயிலில் துயிலும் அப்பெரியாரின் இறுதி ஏக்கம் இதனினும் நிறைவாகத் தீர்தல் யாங்ஙனம்?